முகம் விழாத கண்ணாடி

பெருக்கிய குப்பையில் புல் வந்தது.

ஜைதூன் பீ முறத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு விரல் நீளம், வைக்கோல் நிறம், நுனியில் நாலைந்து விதை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், இரண்டாவது மாடியில், ஒரு ரோஜாத் தொட்டி வைக்கக்கூட இடமில்லாத வீட்டில் புல் எங்கிருந்து வரும்? இந்தப் பக்கம் காற்றில் வருவதெல்லாம் தூசியும், சாயங்காலமானால் கொஞ்சம் கடல் உப்பும்தான். காக்கை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முறத்தைக் கூடையில் தட்டினாள். ஆனால் ஜன்னலில் வலை அடித்திருந்தது. காக்கை என்ன, கொசுவே உள்ளே வர யோசிக்கும். புல் கிடந்த இடம் ஹால் சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு நேர் கீழே.

அந்தப் படம் ரம்ஜான் முடிந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தது. அவள் கணவர் மெஹபூப் அலிக்குத் திருவல்லிக்கேணியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. முருகனுக்கும் போடுவார், மாதாவுக்கும் போடுவார், கல்யாண ஜோடிக்கும் காலமானவர்களுக்கும் போடுவார். வீட்டுக்கு மட்டும் எந்த உருவத்தையும் கொண்டுவர மாட்டார். உருவப்படம் மாட்டிய வீட்டில் மலக்குகள், அதாவது வானவர்கள், நுழைய மாட்டார்கள் என்பதில் உறுதியான மனுஷர். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆட்டோவில் ஒரு பெரிய படத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒரு ஆபீஸுக்குச் செஞ்சது. ஆபீஸையே காலி பண்ணினு போயிட்டானுங்க," என்றார். "உசந்த ரக பிரிண்ட்டு. நூறு வருஷம் ஆனாலும் சாயம் போவாது. கண்ணாடியும் பளபளக்காத கண்ணாடி. எதிர்ல நின்னா உன் மூஞ்சிகூட அதுல விழாது."

"உருவம் கீதே அதுல."

"முகம் தெரியல பாரு. முகம் இல்லாத உருவம் குத்தமில்ல."

பரந்த புல்வெளி. வெயிலில் காய்ந்து பழுப்பேறிய புல். மேட்டில், தொலைவில், சாம்பல் நிறத்தில் ஒரு மரவீடு. முன்னால், வெளிறிய ரோஸ் கவுன் போட்ட ஒரு பெண் தரையில் கிடந்து, கைகளை ஊன்றி, உடம்பைப் பாதி நிமிர்த்தி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்குத் தெரிவது அவள் முதுகும் பின்னந்தலையும்தான். கைகள் குச்சி குச்சியாக இருந்தன. உலகம் முழுக்கப் பேர் போன ஓவியமாம். வெள்ளைக்காரர் ஒருவர் ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாக, உள்ளது உள்ளபடி வரைந்திருந்தார். மெஹபூப் அலி அதை ஏன் கொண்டுவந்தார் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆணி அடித்து மாட்டிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் எதிரில் நின்றார்கள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழப் போய்விட்டார்.

அவர்கள் பெண் ரூஹியும் அப்படித்தான் கிடப்பாள். பத்து வயதுக்கு மேல் அவள் கால்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயின. வீல்சேர் இந்த வீட்டு நிலைப்படிகளுக்கு ஒத்துவரவில்லை. உள்ளங்கையைத் தரையில் அடித்து ஊன்றி, இடுப்பை இழுத்து, அறையிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து சமையல்கட்டுக்கும் வருவாள். தப். ஸ்ர்ர்ர். தப். ஸ்ர்ர்ர். மொசைக் தரையில் துணி இழுபடுகிற அந்தச் சத்தம்தான் வருஷக்கணக்காக இந்த வீட்டின் சத்தம். அடுப்படியில் நின்றபடியே, பிள்ளை எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்று ஜைதூன் பீ சொல்லிவிடுவாள். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அந்தச் சத்தம் நின்றுபோனது. பத்தொன்பது வயது.

ரூஹியின் உடலை எடுக்கும் முன் முகம் பார்ப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டடி வைத்த ஜைதூன் பீ அப்படியே மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது ஆட்கள் மாடிப்படி இறங்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் அடக்கம் நடக்கிற கபரஸ்தானுக்குப் போகிற வழக்கமில்லை.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. ரூஹியின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? பெற்றவளுக்குப் பிள்ளை முகம் மறக்குமா என்று நாக்கு மேல் பல்லைப் போட்டுக் கேட்பார்கள். ரூஹிக்குப் படம் எடுத்தாலே பிடிக்காது. போனைத் தூக்கினால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வாள். மிஞ்சியது ஆதார் அட்டைதான். அதில் யார் முகம்தான் யார் முகமாக இருக்கிறது? கடைசி சில வருஷங்கள் ரூஹிக்குக் கழுத்தையும் திருப்ப முடியாமல் போனது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ரூஹியைத் தரையில் உட்காரவைத்து, தான் பின்னால் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து தலைவாருவாள். தாயும் மகளும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அப்போதுதான், முகத்தைப் பார்த்து அல்ல. அதனால் இப்போது கண்ணை மூடினால் வகிடு வருகிறது. பிடரியில் சுழி வருகிறது. வலது காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் வருகிறது. மனதுக்குள் அந்தத் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் ஒன்றுமே இல்லை.

"நீ கண்ணாடியைப் பாரு. அதான் ரூஹி," என்பார் மெஹபூப் அலி. "உன்னை அப்பிடியே உரிச்சு வெச்சிருந்தா." அவள் போய்ப் பார்ப்பாள். கண்ணாடியில் ஐம்பது வயது ஜைதூன் பீதான் நின்றுகொண்டிருப்பாள்.

படம் வந்த பிறகு அஸர் முடிந்ததும் மோடாவை அதன் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். அந்த முதுகைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருந்தது. மீன் விலை, மாவு புளித்துப்போனது, உன் அப்பாவின் முட்டிவலி. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "ஒரு தடவை திரும்பேன் கண்ணு. ஒரே தடவை," என்று கேட்டுவிட்டாள். முகம் இல்லை என்பதற்காகத்தான் அந்தப் படத்துக்கு இந்த வீட்டில் இடம் கிடைத்தது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் காலையில்தான் புல் வந்தது.

அதன் பிறகு தினமும் வந்தது. ஒன்று, இரண்டு, சில நாள் ஒரு பிடி. கூடவே ஒரு வாசனை: வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த காய்ந்த புல்லின் வாசனை, உப்புக்காற்றே இல்லாத ஏதோ ஊரின் வாசனை. மிளகாய் வறுத்தாலும் சாம்பிராணி போட்டாலும் அது போகவில்லை. படத்தில் இருந்தவளின் கூந்தல் முதலில் தளர்ந்த கொண்டையாக இருந்ததென்று ஜைதூன் பீக்கு நன்றாக ஞாபகம். ஒரு சாயங்காலம் பார்த்தால் பின்னலாக இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் தொய்ந்து, முடிவில் இரண்டு சுற்று சுற்றிய பின்னல். அவள் போடுகிற பின்னல். வலது காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது. அச்சு மையாக இருக்கும் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன். கணவரிடம் மூச்சு விடவில்லை.

கீழ்வீட்டு ஜொவிட்டா, சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், பிரியாணி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அட, இந்தப் படமா? பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் காட்டுவேன். இந்தப் பொண்ணு நிஜமாவே இருந்தவங்க, ஜைதூன்க்கா. நடக்க முடியாது. வீல்சேர் வேண்டாம்னு கையாலயே இழுத்து இழுத்துப் போவாங்களாம்."

"எங்க போறா டீச்சர்?"

"வீட்டுக்கு. அதோ, அந்த வீட்டுக்கு." ஜொவிட்டா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு போனில் அதே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓரத்தை வெட்டிப் பிரிண்ட் போட்டிருக்காங்க போல. பொண்ணு ரொம்பப் பெருசா தெரியறா. ஆனா அப்படி வெட்டினா வீடும் பெருசாகணும். இதுல வீடு..."

முடிக்கவில்லை. ஜைதூன் பீ எட்டிப் பார்த்தாள். போனில் இருந்த வீட்டுக்கு ஜன்னல்கள் தெரிந்தன. சுவரில் இருந்த வீடு ஒரு கடுகளவு.

"அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்," என்று ஜொவிட்டா படி இறங்கிப் போனாள். திருப்பிக் கொடுக்க வந்த டப்பா அவள் கையிலேயே போய்விட்டது.

அன்றைக்குத்தான் ஜைதூன் பீக்குப் புரிந்தது. அந்தப் பெண் வீட்டை நோக்கிப் போகவில்லை. வீட்டைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, முதுகு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

மெஹபூப் அலிக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். காலையில் டீயை ஆற்றியபடி, "ராவுல இன்னாவோ தேய்க்கிற சத்தம் கேட்டுது. எலி கீது போல," என்றார். எலிக்கு உள்ளங்கை இருக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"படத்தை இன்னிக்குக் கடைக்கு எடுத்துனு போயிடறேன். சோறு தண்ணி இல்லாம அது எதிர்லயே உக்காந்துகினு கீற நீ."

"இருக்கட்டுங்க."

"ஜைதூன். அது நம்ம பொண்ணு இல்ல."

"தெரியும்."

"ராத்திரி இஷா தொழுதுட்டு ஆட்டோ இட்டாறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். படியில் நின்று ஒருமுறை படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பகலெல்லாம் மழை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது கரண்ட் போனது. சந்து முழுக்க இருட்டு. எமர்ஜென்சி விளக்கை ஏற்றி மோடா பக்கத்தில் வைத்துத் தொழுது முடித்தாள். தொழுகை விரிப்பை மடித்து வைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் இந்த வீட்டில் முதுகுகூட இருக்காது. பீரோவைத் திறந்து, ஒரு வருஷமாகத் தொடாத ரூஹியின் சீப்பை எடுத்தாள். பற்களுக்கு நடுவே இரண்டு முடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மோடாவில் உட்கார்ந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு விட்டா இல்ல கண்ணு. ஒரு தடவை..."

படத்தில் யாரும் இல்லை.

புல்வெளி இருந்தது. தொலைவில் அந்தக் கடுகு இருந்தது. நடுவே, மேட்டிலிருந்து சட்டத்தின் கீழ் ஓரம் வரைக்கும், புல் ஒரே கோடாகப் படுத்துக் கிடந்தது. ஈரத் தரையில் மூட்டை இழுத்த தடம் போல. அந்தக் கண்ணாடியில் விளக்கும் விழவில்லை, அவளும் விழவில்லை.

உள்ளறையில், ரூஹியின் அறையில், ஒரு சத்தம்.

தப்.

ஸ்ர்ர்ர்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. விளக்கு மஞ்சளாகிக்கொண்டு வந்தது. சார்ஜ் போட மறந்திருந்தாள். எழுந்து ஓடலாம். ஜொவிட்டா வீட்டுக் கதவைத் தட்டலாம். எழ முடியவில்லை. காது மட்டும் பழைய வழக்கத்தில் தானாக வேலை செய்தது. கட்டில் ஓரம். நிலைப்படி. தப். பிரிட்ஜ் பக்கம். ஸ்ர்ர்ர். சாப்பாட்டு மேஜை. பிள்ளை வந்துகொண்டிருக்கிறாள். இத்தனை நாளாக இந்த வீட்டில் இல்லாதது வந்துகொண்டிருக்கிறது. பயத்தில் பல் கிட்டியது, அதற்குள்ளேயே நெஞ்சு பொங்கி அழுகை வந்தது.

காய்ந்த புல் வாசனை.

அவள் காலடியில் சத்தம் நின்றது.

விளக்கு அணையும் முன் பார்த்தாள். ரோஸ் கவுன். குச்சிக் கைகள். முதுகு. அவள் முழங்காலுக்கு முன்னால், தினமும் உட்காரும் அதே இடத்தில், அதே சாய்வில். பின்னல் அவிழ்ந்து தோளில் கிடந்தது. தலைவாரக் காத்திருந்தது.

"ரூஹி?"

ஜைதூன் பீ சீப்பை வைத்தாள். கை தெரிந்த வேலையைத் தானாகச் செய்தது. முடி குளிர்ந்திருந்தது, காகிதம் போல் உலர்ந்திருந்தது, வார வார விதைகள் மடியில் உதிர்ந்தன. சிக்கு எடுத்தாள். வகிடு எடுத்தாள். விரலுக்குச் சுழி கிடைத்தது. காதுக்குப் பின்னால் மச்சம் கிடைத்தது. மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இதைத்தானே ஒரு வருஷமாக அல்லாவிடம் கேட்டாள். பின்னலின் முடிவில் இரண்டு சுற்று சுற்றினாள்.

"இப்பத் திரும்பும்மா. அம்மாவைப் பாரு."

உள்ளங்கை தரையில் பட்டது. தப். இடுப்பு இழுபட்டது. இருட்டில் அந்த உருவம் மெல்லத் திரும்பியது. ஜைதூன் பீ இரு கைகளையும் நீட்டி அந்தக் கன்னங்களை ஏந்தினாள்.

முடி.

விலக்கினாள். அடியிலும் முடி. வகிடு. சுழி. வலது பக்கம் காது, காதுக்குப் பின்னால் மச்சம். பின்பக்கம் எப்படியோ முன்பக்கமும் அப்படி. நெற்றி இல்லை. மூக்கு இல்லை. விரலால் தேடித் தேடிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

கத்த வாய் திறந்தவள் கத்தவில்லை. அந்தத் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழ ஒரு கண்ணும் இல்லாமல், விசும்ப ஒரு வாயும் இல்லாமல் அது அழுதுகொண்டிருந்தது. அப்போது அவளுக்கு விளங்கியது. பிள்ளை வந்துவிட்டாள். அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருந்ததோ அவ்வளவுதான் வந்திருக்கிறாள்.

"எங்கிட்ட இல்லையே கண்ணு," என்று அழுதாள். "எனக்கு ஞாபகம் வரலையே. நான் இன்னா பண்ணுவேன்."

குச்சி விரல்கள் உயர்ந்து அவள் முகத்தைத் தொட்டன. சில்லென்ற விரல்கள். புருவத்தைத் தடவின. மூக்கில் இறங்கின. உதட்டில் நின்றன. மறுபடி மேலே போயின. மெதுவாக, கவனமாக, அளவெடுப்பது போல. தாய்க்கும் மகளுக்கும் ஒரே முகம் என்று எல்லோரும் சொல்வார்களே. அதை இவள் சாகிறவரைக்கும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்.

ஜைதூன் பீ குனிந்தாள். முகத்தைத் தாழ்த்திக் கொடுத்தாள்.

"எடுத்துக்கோம்மா," என்றாள்.

விரல்கள் தாடைக்கு அடியில் ஒரு விளிம்பைக் கண்டுபிடித்தன.

வலி இல்லை. குளிர் மட்டும். பிறகு மழைச் சத்தம். பிறகு படியில் செருப்புச் சத்தம், பூட்டில் சாவி, கதவு. டார்ச் வெளிச்சம் அடிக்கிறாரா என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே இருட்டாக இருந்தது.

"ஜைதூன், கரண்ட்டு எப்பப் போச்சு?" என்று கேட்டபடி உள்ளே வந்த மெஹபூப் அலியின் குரல் பாதியில் நின்றது. ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"ரூஹி," என்றார். இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பெயரை அவர் இப்படிச் சொன்னதில்லை. "யா அல்லா. அதே கண்ணு. அதே சிரிப்பு. அப்பிடியே கீறியே கண்ணு."

சிரிக்கிறாளா? ஜைதூன் பீக்குத் தவித்தது. ஒரு தடவை. ஒரே தடவை. இடதுபக்கம் திரும்பினாள், வலதுபக்கம் திரும்பினாள். எங்கும் இருட்டு. எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயைத் தேடினாள். குரல் வந்த பக்கம் தலையை நிமிர்த்தி அவரை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தாள். முடி மார்பில் சரிந்து விழுந்தது.

"ஜைதூன்," என்றார் அவர், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "ஏன் முதுகைக் காட்டிகினு உக்காந்துகினு கீற? இந்தப் பக்கம் திரும்பு. நம்ம பொண்ணு முகத்தைப் பாரு."